தோட்டப் பறவைகளை ஒளிப்படம் எடுத்தல்

வீட்டுத் தோட்டம், கொல்லைப்புறம், மொட்டை மாடி, பள்ளி வளாகம் போன்ற இடங்களுக்கு இயல்பாக வந்துபோகும் பறவைகளைப் படம் பிடிப்பது தோட்டப் பறவை ஒளிப்படக்கலை எனப்படும். காட்டுயிர் ஒளிப்படக்கலையில் இது மிக எளிய நுழைவாயில். காட்டுக்குச் செல்ல அனுமதியோ பயணச் செலவோ இதற்குத் தேவையில்லை. ஒரே பறவையை ஒரே கிளையில் நூறு முறை படம் எடுத்துப் பழகவும் முடியும்.

இருந்தும், தொடங்குபவர் பெரும்பாலானோர் முதல் சில வாரங்களில் ஏமாற்றம் அடைகின்றனர். செம்பருத்தியில் தேன் குடித்துக்கொண்டிருந்தபோது அவ்வளவு அழகாகத் தெரிந்த தேன்சிட்டு, படத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளியாக மட்டும் இருக்கும். இன்னும் பெரிய லென்ஸ் வேண்டும் என்ற எண்ணம் உடனே தோன்றும். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் குறை லென்ஸில் இருப்பதில்லை. பறவைக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒளி விழும் திசை, பறவைக்குப் பின்னால் இருக்கும் பொருள் ஆகியவற்றைச் சரிசெய்தாலே படம் மாறிவிடும்.

இக்கட்டுரை தமிழகத்தின் சமவெளித் தோட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. இதில் குறிப்பிடப்படும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி ஆகியவை இலங்கைத் தோட்டங்களிலும் காணப்படுவதால் அங்கும் இம்முறைகள் பொருந்தும்.

தொலைவின் கணக்கு

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ. அது 10 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கும்போது 400 மி.மீ. லென்ஸ் கேமராவின் உணரியில் சுமார் 4 மி.மீ. நீளமுள்ள பிம்பத்தை உருவாக்கும். நடுத்தர விலைக் கேமராக்களில் உணரியின் அகலம் சுமார் 23 மி.மீ. எனவே பறவை படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கையே நிரப்பும். அதே லென்ஸுடன் தொலைவை 5 மீட்டராகக் குறைத்தால் பிம்பம் 8 மி.மீ. ஆகும். நீளம் இரட்டிப்பாகும்போது பரப்பு நான்கு மடங்காகிறது. இறகின் நுணுக்கத்தைப் பதிவுசெய்ய நான்கு மடங்கு உணரிப் புள்ளிகள் கிடைக்கின்றன என்பதே இதன் பொருள்.

கேமராவுடன் சேர்த்தே விற்கப்படும் 250 மி.மீ. வரையிலான எளிய லென்ஸ், 3 மீட்டர் தொலைவிலுள்ள இதே பறவையை 8 மி.மீ.க்குச் சற்று அதிகமான பிம்பமாக்குகிறது. அதாவது 3 மீட்டரில் அமர்ந்திருக்கும் பறவைக்கு எளிய லென்ஸ் தரும் படம், 5 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸ் தரும் படத்துக்கு இணையான அளவுடையது. இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு மீட்டரைக் குறைக்கச் செலவிடும் நேரம் வீண் அல்ல என்பது விளங்கும். கிட்டத்தில் எடுக்கும் படத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. வெயில் ஏறியபின் தரையிலிருந்தும் சிமெண்டுத் தளத்திலிருந்தும் எழும் அனல்காற்று, தொலைவிலுள்ள பொருள்களை நெளியச் செய்யும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அந்த நெளிவை நீக்க முடியாது.

பறவையை நெருங்குதலும் பறவை நெருங்குதலும்

ஒவ்வொரு பறவையும் மனிதரை ஒரு குறிப்பிட்ட தொலைவு வரையே அனுமதிக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் பறந்துவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு மூன்று மீட்டர் அருகில்கூடச் சருகுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும். செண்பகம் பதினைந்து மீட்டரிலேயே புதருக்குள் நழுவிவிடக்கூடும். நடந்து சென்று இந்த எல்லையைச் சுருக்க முயல்பவர் பெரும்பாலும் பறவையின் முதுகையே படம் எடுக்கிறார். முன்னதாகவே ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு, பறவை தானாக அந்த எல்லைக்குள் வருமாறு விட்டுவிடுவதே பலன் தரும் வழி.

இதற்கு வீட்டின் சன்னலே சிறந்த மறைவிடம். அறை விளக்குகளை அணைத்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, பழைய கருநிறப் புடவையையோ போர்வையையோ திரையாகத் தொங்கவிட்டு, அதிலுள்ள பிளவின் வழியே லென்ஸின் முகப்பை மட்டும் வெளியே தெரியவிட்டால் போதும். சன்னல் கம்பிகளுக்கு இடையே பெரும்பாலான லென்ஸ்கள் நுழையும். கொசுவலை வழியாக எடுக்கும் படம் மங்கலாகவே இருக்கும். வலையை விலக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அரிசியோ கேழ்வரகோ நிரப்பிய சிறு துணிப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மீது லென்ஸைக் கிடத்தினால் முக்காலியின் தேவை இருக்காது.

மறைந்திருந்து பறவைகளைப் படம் எடுக்கும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தின் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிய ஆண்டுகளில் உள்ளீடற்ற செயற்கை மாட்டு உருவம் ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் நின்றுகொண்டு படம் எடுத்தனர். தோட்டத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், ஒரே மங்கலான நிற உடையில் அமரும் மனிதரை ஓரிரு வாரங்களில் பறவைகள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். கிணற்றடியில் துணி துவைப்பவரைச் சுற்றி மைனாக்கள் அச்சமின்றித் திரிவது இதனால்தான்.

பறவை பதற்றமடைந்திருப்பதை அதன் உடல் காட்டிவிடும். கழுத்தை நீட்டி விறைத்து நிற்பது, வாலை விட்டுவிட்டு உதறுவது, ஒரே எச்சரிக்கை ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது எடுக்கப்படும் படத்திலும் அந்த விறைப்பு தெரியும். இறகுகளைத் தளர்த்தி, ஒற்றைக் காலில் நின்று அலகால் கோதிக்கொண்டிருக்கும் கொண்டைக்குருவியின் படம் பார்ப்பவரை ஈர்ப்பதற்கு அந்தப் பறவையின் நிம்மதியும் ஒரு காரணம்.

தண்ணீர்த் தட்டு

தமிழகத் தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைக்கத் தானியத்தைவிடத் தண்ணீர் பயனுள்ளது. தானியம் வைத்தால் புறா, காகம், அணில் ஆகியவையே முந்திக்கொள்ளும். பூச்சியும் பழமும் தேனும் உண்ணும் பறவைகள் அதைத் திரும்பியும் பாரா. தண்ணீருக்கோ எல்லாப் பறவைகளும் வரும். சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் ஒரு தட்டுத் தண்ணீர் எத்தனை வகைப் பறவைகளை இழுத்துவரும் என்பது வைத்துப் பார்த்தவர்க்கே தெரியும். பிற வேளைகளில் இலைகளுக்குள் குரலாக மட்டுமே இருக்கும் மாம்பழச்சிட்டும் தையல்சிட்டும்கூட அப்போது இறங்கிவரும்.

அகன்ற மண்தட்டே இதற்கு ஏற்றது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகூடப் போதும். நீரின் ஆழம் 3 முதல் 5 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. வழவழப்பான பிளாஸ்டிக், எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பறவையின் கால் வழுக்கும். தட்டின் ஒரு பக்கம் நீருக்கு மேலே தெரியும்படி சொரசொரப்பான கல் ஒன்றை வைத்தால் சிறு பறவைகள் அதில் நின்று குடிக்கும். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நிரப்ப வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் பக்கச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைப்பதால், நீரை மட்டும் மாற்றுவது போதாது.

தட்டை வைக்கும் இடம் முக்கியமானது. ஆபத்து நேர்ந்தால் பறந்து ஒளிந்துகொள்ளப் பறவைக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் ஒரு மரமோ புதரோ வேண்டும். அந்தப் புதர் தட்டை ஒட்டியே இருந்தால் பூனை பதுங்குவதற்கு வசதியாகிவிடும். பூனைகள் மிகுந்த தெருவில் தட்டை இடுப்பளவு உயரமுள்ள தூணின்மேல் வைப்பது நல்லது.

தட்டில் நேராக இறங்கும் பறவைகள் குறைவு. பெரும்பாலானவை முதலில் அருகிலுள்ள கிளையில் அமர்ந்து நாற்புறமும் பார்த்துவிட்டே இறங்கும். இந்தப் பழக்கத்தைப் படம் எடுப்பவர் பயன்படுத்திக்கொள்ளலாம். தட்டுக்கு ஒன்றிரண்டு அடி மேலே, கேமராவுக்குக் குறுக்காக, விரல் பருமனுள்ள காய்ந்த கிளை ஒன்றை நட்டுவைத்தால் பறவை அதில் வந்து அமரும். கொய்யா, வேம்பு, முருங்கை ஆகியவற்றின் கிளைகள் இயற்கையான தோற்றம் தரும். மண்தட்டும் சிமெண்டுத் தரையும் தெரியாத படங்கள் பல இப்படி எடுக்கப்பட்டவையே. இவ்வாறு கிளை நடுவதை ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. எங்கே வேண்டுமானாலும் அமரும் உரிமை பறவையிடமே இருப்பதால் அந்தக் குற்றச்சாட்டு சற்று மிகையானது. ஆனால் பறவையைக் கட்டிவைத்தோ கூண்டுப் பறவையை வெளியே வைத்தோ எடுத்துவிட்டு, இயற்கைச் சூழலில் எடுத்தது என்று சொல்வது பொய்தான்.

செடிகளும் மரங்களும்

தேன்சிட்டுகளுக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, முருங்கைப்பூ, வாழைப்பூ ஆகியவை விருந்து. பின்பனிக் காலத்தில் இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூக்கும் கல்யாண முருங்கைக்குத் தேன்சிட்டுடன் மைனா, கரிச்சான், காகம் எல்லாம் வந்து சேரும். இலை மறைக்காத அந்தக் கிளைகள் படம் எடுப்பதற்கென்றே அமைந்தவை போல இருக்கும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். மரத்திலேயே பழுக்கவிட்ட பப்பாளிக்கு இவற்றோடு குக்குறுவானும் வால்காக்கையும் போட்டியிடும். பூச்சிக்கொல்லி தெளிக்கும் தோட்டத்தில் தையல்சிட்டுக்கும் குண்டுகரிச்சானுக்கும் உணவு குறைந்துவிடும். பறவைப் படம் வேண்டுபவர் சருகுகளைக் கூட்டிப் பெருக்காமல் ஒரு மூலையில் விட்டுவைப்பதும் நல்லது. தவிட்டுக்குருவிகளுக்கு அதுவே அடுப்பங்கரை.

ஒளி

தமிழகத்தின் அகலாங்கில் சூரியன் விரைவாக மேலேறிவிடுகிறது. காலையில் சூரியன் எழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலையில் அது மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் மட்டுமே ஒளி சாய்வாக, மென்மையாக இருக்கும். நண்பகலில் பறவையின் முதுகு வெளுத்து, வயிறும் கண்ணும் நிழலில் மூழ்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மேகமூட்டமான நாட்கள் இதற்கு விதிவிலக்கு. மேகம் பெரிய வெண்திரைபோல ஒளியைப் பரப்புவதால் நடுப்பகலிலும் நிழல் விழாத, நிறம் குலையாத படங்கள் கிடைக்கும்.

தேன்சிட்டுகளுக்கு ஒளியின் திசை மிகவும் இன்றியமையாதது. ஆண் ஊதாத் தேன்சிட்டு பெரும்பாலான படங்களில் கறுப்பாகத் தெரிவதன் காரணம் இதுதான். அதன் நீலமும் ஊதாவும் நிறமிகளால் மட்டும் உண்டாகும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைநீளங்கள் மட்டும் வலுப்பெறுவதால் தோன்றும் மினுக்கம் அது. சோப்புக் குமிழியின் நிறமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒளியும் பார்வையும் பொருத்தமான கோணத்தில் சந்தித்தால்தான் அந்நிறம் தெரியும். மற்றக் கோணங்களில் இறகு வெறும் கறுப்பு. ஆகையால் சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதும் பறவை தலையைத் திருப்பும் ஒரு கணத்தில் மட்டுமே தொண்டை மின்னும். தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றில் அந்த மின்னல் சிக்கலாம்.

இதே காரணத்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெயருக்குக் காரணமான ஊதாப் பிட்டம் பெரும்பாலான படங்களில் இடம்பெறுவதே இல்லை. மூடிய சிறகுகள் அதை மறைத்துக்கொண்டிருக்கும். பறவை முதுகைக் காட்டிச் சிறகை விரிக்கும் கணத்தில், அதுவும் வெயில் பின்னாலிருந்து விழுந்தால் மட்டுமே அது பளிச்சிடும்.

கேமரா அமைப்புகள்

கிளையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு போதுமானது. ஓயாமல் துள்ளும் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் 1000இல் ஒரு பங்கும், பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கும் தேவைப்படும். இந்த வேகம் கிடைப்பதற்காக ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தத் தயங்குபவர்கள் உண்டு. பொரிப்பொரியான படத்தைக் கணினியில் ஓரளவு சரிசெய்துவிடலாம். அசைவால் குழம்பிய படத்தை அவ்வாறு மீட்க முடியாது.

குவியத்தைப் பறவையின் கண்ணில் நிறுத்துவதே அடிப்படை விதி. 400 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 துளையுடன் 4 மீட்டரில் எடுக்கும்போது, நடுத்தர விலைக் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. மார்பில் குவியம் நின்றால் கண் மங்கிவிடும். வால்நுனி மங்கினால் பார்ப்பவர் மன்னித்துவிடுவர். கண் மங்கினால் மற்றவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் படம் உயிரற்றதாகவே தோன்றும். ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தொடர் குவிய முறையில் வைத்திருப்பது, இலைகளுக்கு நடுவிலுள்ள பறவைக்குப் பொருத்தமானது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது முன்னாலிருக்கும் இலையையே பிடித்துக்கொள்ளும். பறவையின் கண்ணைத் தானே அறியும் புதிய கேமராக்களில் இத்தொல்லை குறைவு.

ஒளியளவைக் கேமரா தானாகக் கணக்கிடும்போது, தன்முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சமுடையது என்ற எண்ணத்தில் செயல்படுகிறது. வெளுத்த வானத்தைப் பின்புலமாகக் கொண்டு இலையற்ற உச்சிக்கிளையில் அமர்ந்திருக்கும் செம்மார்புக் குக்குறுவானைப் படம் எடுத்தால், கேமரா வானத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், பறவை நிழலுருவாகிவிடும். அங்கே ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். படத்தை நிரப்பி நிற்கும் காகமோ கரிச்சானோ எனில் கேமரா கறுப்பை வெளிறச் செய்துவிடும். அங்கே சற்றுக் குறைக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் கலந்த குண்டுகரிச்சான்தான் இதில் பெரும் சோதனை. வெள்ளையில் ஒளி மிகுந்து இறகின் கோடுகள் அழிந்துவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. கறுப்பில் மறைந்த நுணுக்கத்தையோ பின்னர் ஓரளவு வெளிக்கொணரலாம். எனவே வெள்ளை கெடாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுப்பதே பாதுகாப்பானது. படங்களை ரா வடிவில் சேமித்தால் இத்தகைய திருத்தங்களுக்கு இடம் அதிகம் கிடைக்கும்.

பின்புலமும் பார்வை மட்டமும்

நல்ல படங்களையும் சாதாரணப் படங்களையும் பிரிப்பது பல வேளைகளில் பறவை அல்ல, அதன் பின்னால் உள்ளவையே. துணிக்கொடி, மின்கம்பி, வெள்ளைச் சுவர், வெயில் திட்டுகள் ஆகியவை கண்ணை இழுத்துவிடும். பறவை அமரும் கிளைக்கும் அதன் பின்னாலுள்ள செடிகளுக்கும் இடையே மூன்று நான்கு மீட்டர் இருந்தால், அச்செடிகள் ஒரே பச்சைப் பரப்பாகக் கரைந்துவிடும். பின்புலம் நிழலிலும் பறவை வெயிலிலும் இருப்பது இன்னும் சிறப்பு. படம் எடுப்பவர் ஓர் அடி இடப்புறமோ வலப்புறமோ நகர்ந்தால் பின்புலம் முற்றிலும் மாறிவிடும்; பலர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை.

பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவைக் கொண்டுவருவதும் இதே அளவு முக்கியம். தரையில் மேயும் கொண்டலாத்தியை நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் புல்லும்தான் வரும். தரையில் அமர்ந்தோ படுத்தோ எடுத்தால் பின்புலம் தொலைவுக்குத் தள்ளிப்போய், பறவை தன் உலகில் நிற்பதுபோலத் தோன்றும். மரத்தின் மேலே அமரும் பறவைகளுக்கு மொட்டை மாடி உதவும். வேப்ப மரத்தின் தலைப்பகுதி மாடியின் மட்டத்தில் இருந்தால், கீழிருந்து வயிற்றை மட்டுமே காட்டிய பறவைகள் அங்கே நேருக்கு நேர் கிடைக்கும்.

பறவையை அறிதல்

சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவால் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர், அரிய விலங்குகளைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் அண்டைவீட்டுக் காகம், அணில், மைனா ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார். அவருடைய படங்களுக்குப் பின்னால் இருந்தது கருவியின் மேன்மையைவிட, விலங்கு அடுத்து என்ன செய்யும் என்ற அறிவே.

தோட்டத்தில் இந்த அறிவைச் சேர்ப்பது கடினமல்ல. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் நகரும். முதல் பறவை தாவிய கிளைக்கு மற்றவையும் வரும் என்பதால், முதலாவதைத் துரத்தாமல் இரண்டாவதற்காகக் காத்திருக்கலாம். தேன்சிட்டு ஒரு செடியின் பூக்களைச் சுற்றிமுடித்துப் போய்விட்டாலும் சிறிது நேரத்தில் அதே செடிக்குத் திரும்பும். குண்டுகரிச்சான் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் விடியலில் பாடுவதற்கு வழக்கமான உச்சிக்கிளைகளை வைத்திருக்கும். குளிர்ந்த காலையில் செண்பகம் சிறகை விரித்து வெயில் காயும். அந்நேரம் அது வழக்கமான கூச்சத்தைச் சற்றுத் தளர்த்தும். ஒரு குறிப்பேட்டில் எந்தப் பறவை எந்நேரம் எந்தக் கிளைக்கு வந்தது என்று ஒரு மாதம் எழுதிவைத்தால், மறுமாதம் கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வி எழாது.

கைப்பேசி

கைப்பேசியில் தூரத்துப் பறவையைப் பெரிதாக்கி எடுக்கும் படங்கள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. கைப்பேசியையே பறவைக்கு அருகில் வைத்துவிடுவது வேறு கதை. தண்ணீர்த் தட்டிலிருந்து ஓரடி தொலைவில் செங்கற்களுக்கு இடையே கைப்பேசியை நிறுத்தி, காணொலிப் பதிவைத் தொடங்கிவிட்டு விலகிச் சென்றால், குளிக்கும் பறவையின் நீர்த்துளிகள்வரை பதிவாகும். தொலைவிலிருந்து இயக்கும் சிறு பொத்தானைப் பயன்படுத்தி ஒளிப்படமும் எடுக்கலாம். முதல் சில நாட்கள் கைப்பேசி இல்லாமல் செங்கற்களை மட்டும் வைத்துப் பழக்கினால் பறவைகள் மிரள்வது குறையும். மாணவர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

கூடும் குஞ்சும்

தோட்டப் பறவைகளில் படம் எடுக்க மிக எளிதாகத் தோன்றுவது கூடு. பறவை அங்கே கட்டாயம் திரும்பிவரும். காத்திருக்கும் நேரம் குறைவு. தேன்சிட்டு வாசல் விளக்கின் கம்பியிலும் துணிக்கொடியிலும்கூடக் கூடு கட்டும். தையல்சிட்டு தொட்டிச் செடியின் இலையைத் தைத்துக் குடியேறும். மனிதர் அருகில் கட்டிய கூடு என்பதால் மனிதரைப் பொருட்படுத்தாது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அப்பறவை பழகியிருப்பது கடந்துசெல்லும் மனிதருக்கு. நின்று, கூட்டை உற்றுநோக்கி, பெரிய கண்ணாடிக் கண்ணை நீட்டும் மனிதர் அதற்குப் புதியவர்.

தாய்ப்பறவை கூட்டுக்கு வர அஞ்சி வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு அடைகாப்பும் குஞ்சுக்கு இரையும் இல்லை. அதைவிடக் கொடியது, படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காகக் கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளுவதும் கிளையைக் கட்டி ஒதுக்குவதும். அந்த இலைகள் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் காகம், வால்காக்கை, செண்பகம் ஆகியவற்றின் கண்ணிலிருந்தும் மறைத்திருந்தவை. மனிதர் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகம் கவனிக்கும். படம் எடுத்த மறுநாள் கூடு காலியாகக் கிடப்பதைக் கண்டவர்கள் பலர். அதற்கும் தமக்கும் தொடர்பிருக்கும் என்று நினைத்தவர்கள் சிலரே.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர் (பாதுகாப்பு)ச் சட்டம், வேட்டையாடுதல் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதையும் சேர்த்துள்ளது. பல இயற்கை ஒளிப்படக் குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. முன்பு நிலைமை வேறாக இருந்தது. பறவை ஒளிப்படக்கலையின் முன்னோடிகள் பலர் கூடுகளையே நம்பியிருந்தனர். அவர்களுள் ஒருவரான பிரித்தானியர் எரிக் ஹாஸ்கிங், 1937இல் கூட்டருகே ஆந்தை தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். அன்றைய லென்ஸ்களும் படச்சுருள்களும் தொலைவிலிருந்து எடுக்க உதவாதவை என்பது அவர்கள் தரப்பு நியாயம். இன்றைய கருவிகளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. வீட்டு வாசலில் கூடு இருந்தால் சன்னலுக்குள்ளிருந்து பார்த்து மகிழலாம். குஞ்சுகள் பறந்து, பெற்றோர் பின்னால் சிறகடித்து இரை கேட்கும் நாட்கள் விரைவில் வந்துவிடும். படம் எடுப்பதற்கு அதுவே தக்க காலம்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் தவிர்க்க வேண்டியது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, உணவை விட்டுவிட்டு அது தேடி அலையும். அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி சில நேரம் நகரத்துத் தோட்டங்களில் களைத்து ஒதுங்கியிருக்கும். பல வண்ணம் கொண்ட அதைக் காணும் எவருக்கும் நெருங்கிச் செல்லும் ஆசை எழும். நெடும்பயணம் முடித்த பறவைக்கு அப்போது தேவை நிழலும் மண்புழுவும். பத்துப் பேர் சூழ்ந்து மூலைக்கு மூலை விரட்டினால் இரண்டும் கிடைக்காது.

திருத்தலும் பதிவும்

எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட நேரும். கண் தெளிவாக இல்லாதவை, தலை மறுபுறம் திரும்பியவை, இலை குறுக்கிட்டவை ஆகியவற்றை முதலிலேயே நீக்கலாம். எஞ்சியவற்றில் ஒளியைச் சமன்செய்வதும், பறவை பார்க்கும் திசையில் சற்று அதிக இடம் விட்டு வெட்டுவதும் போதும். கூர்மையையும் நிறத்தையும் அளவுக்கு மீறி ஏற்றினால் இறகு கம்பிபோலாகிவிடும். பச்சை இலைகள் நஞ்சு பூசியவைபோலத் தோன்றும்.

அழகில்லாத ஆனால் தெளிவான படங்களை அழிக்கும்முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஊதாத் தேன்சிட்டும் லோட்டன் தேன்சிட்டும் தொலைவில் ஒரே கறுப்பாகத் தெரியும். லோட்டனின் அலகு இன்னும் நீளமானது, நன்கு வளைந்தது. பக்கவாட்டில் எடுத்த ஒரு மங்கலான படமே இரண்டையும் பிரித்தறியப் போதும். இத்தகைய படங்களை நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகளுடன் ஈபேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியலோடு பதிவேற்றலாம். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர, குறைந்தது பதினைந்து நிமிடங்கள் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்துப் பட்டியலிட்டால் போதும். வீட்டுக் கொல்லையும் அதற்குத் தகுந்த இடமே. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக அமைக்கப்பட்டுள்ளனவா என்பதை அதற்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.